பை வேண்டாம், பக்கத்தில் இருங்கள்

"திடீர்ப் பதற்றத்தில் மூச்சு வாங்கினால் பைக்குள் மூச்சுவிடச் சொல்லுங்கள், உடனே சரியாகிவிடும்" என்று கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. பிளாஸ்டிக் மட்டுமல்ல, காகிதப் பையும் வேண்டாம். உள்ளே ஆக்சிஜன் குறையும். வந்திருப்பது மாரடைப்போ ஆஸ்துமாவோ என்றால் உயிருக்கே ஆபத்து.

என் தங்கைக்கு இந்தத் திடீர்ப் பதற்றம் வரும்போது திண்ணையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளங்கை சில்லிட்டு வியர்த்திருக்கும். "இங்கேயேதான் இருக்கேன்மா, மெதுவா மூச்சை விடு" என்பேன். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தணியத் தொடங்கும். "ஒண்ணுமில்ல, சும்மா இரு" என்று தயவுசெய்து அதட்டாதீர்கள். அந்தப் பயம் நிஜம்.

முதல்முறை வந்தாலோ, நெஞ்சுவலி கைக்குப் பரவினாலோ 108-ஐ அழையுங்கள். அடிக்கடி வந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நல்ல சிகிச்சை இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.