முடிச்சு என்றால் முடிச்சுதான்

முந்தாநாள் புயல் நேரலையில் நடந்தது உங்களில் பலருக்கும் தெரியும். காற்றின் வேகத்தை ஏன் 'நாட்' கணக்கில் சொல்கிறார்கள் என்று ஒரு தம்பி கேட்டார். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது நாட்டிகல் மைல். கப்பலில் கயிற்று முடிச்சுகளை எண்ணி வேகம் பார்த்ததால் வந்த பெயர் என்று நான் எழுதினேன். பேசிக்கொண்டிருந்தவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, இதெல்லாம் வாட்ஸ்அப் கதை. நாட்டிகல் என்பதைச் சுருக்கி நாட் என்கிறார்கள், அவ்வளவுதான்." உடனே கீழே வரிசையாகச் சிரிப்புக்குறிகள்.

சுருக்கம் இல்லை. முடிச்சு. கையால் கயிற்றில் போட்ட முடிச்சு.

குழப்பம் எங்கே வருகிறது என்று எனக்குப் புரிகிறது. தமிழில் எழுதினால் இரண்டுமே 'நாட்' என்றுதான் தொடங்கும். ஆங்கிலத்தில் அவை ஒட்டுறவே இல்லாத சொற்கள். நாட்டிகல், கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. முடிச்சைக் குறிக்கும் நாட் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. அன்று அது 'க்னொட்டா'. இன்று எழுத்தில் மட்டும் முன்னால் நிற்கிற அந்த 'கே' அன்றைக்கு வாயிலும் ஒலித்தது. ஸ்வெட்டர் பின்னுவதற்குச் சொல்லும் 'நிட்' கூட இதே குடும்பம்தான், முடிச்சுப் போடுவது என்பதே அதன் பழைய பொருள். பலகையில் கிளை இருந்த இடத்தில் தெரியும் கணுவுக்கும் நாட் என்பார்கள். கல்யாணம் செய்துகொள்வதும் நாட் கட்டுவதுதான், நம் ஊர் மூன்று முடிச்சு மாதிரியே. எளிதில் அவிழாத பிரச்சினைக்கும் அதே சொல். கப்பலேறிய பிறகு அதுவே வேகமும் ஆனது.

எப்படி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, சிரித்தார்கள். 1574இல் வில்லியம் போர்ன் கடலோடிகளுக்காக எழுதிய நூலிலேயே கட்டையும் கயிறும் கொண்டு வேகம் அளக்கும் முறை இருக்கிறது. பிறகு அந்தக் கட்டை கால்வட்டப் பலகையானது. தண்ணீரில் நிமிர்ந்து நிற்பதற்காக அதன் வளைந்த விளிம்பில் ஈயம் வைத்தார்கள். கப்பலின் பின்பக்கத்திலிருந்து வீசினால் பலகை ஏறக்குறைய விழுந்த இடத்திலேயே நிற்கும். கப்பல் முன்னே போகப் போக, உருளையில் சுற்றிய கயிறு பின்னால் ஓடும். ஒருவர் மணற்கடிகையைக் கவிழ்ப்பார். மணல் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டிப் போனதோ, அத்தனை நாட்.

கடைசியில் நிலைத்த கணக்கு, 28 விநாடி மணலுக்கு 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒரு மணி நேரத்தில் 28 விநாடி எந்தப் பங்கோ, அன்றைய 6080 அடிக் கடல் மைலில் 47 அடி 3 அங்குலம் ஏறத்தாழ அதே பங்கு. போனில் கால்குலேட்டர் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் இடைவெளி 42 அடிதான், மைலையே 5000 அடி என்று நினைத்திருந்தார்கள். 1637இல் ரிச்சர்ட் நார்வுட் லண்டனுக்கும் யார்க்குக்கும் இடையிலான தூரத்தை வைத்து அளந்து பார்த்து, அது தப்பு என்று காட்டினார். அதற்குப் பிறகும் மாலுமிகள் பலர் குட்டையான இடைவெளியை விடவில்லை. இடைவெளி குறைந்தால் வேகம் கூடுதலாகத் தெரியும், கரை நெருங்கிவிட்டது என்று முன்கூட்டியே உஷாராக இருக்கலாம். உயிர் பிழைக்கப் போட்ட கணக்கு அது. ஒரு சுருக்கெழுத்துக்கு இத்தனை பாடு எதற்கு?

இன்னொன்று. பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேகத்துக்கு 'நூ' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் 'நூதோ'. ஜெர்மனில் 'க்னோட்டன்'. ரஷ்ய மொழியில் 'ஊசெல்'. நான்குக்கும் அர்த்தம் முடிச்சு! ரஷ்யாக்காரர்களும் நாட்டிகலைச் சுருக்கித்தான் ஊசெல் என்றார்களா?

எனக்கு இது எந்த ஃபார்வர்டிலும் வரவில்லை. என் தாய்மாமா கப்பலில் சுக்கானியாக இருந்தவர். விடுமுறையில் தூத்துக்குடி வந்தால் மொட்டைமாடிக் கொடிக்கயிற்றை அவிழ்த்து எங்களுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுப்பார். எவ்வளவு இழுத்தாலும் இறுகிச் சிக்காத, வேண்டும்போது சுலபமாக அவிழ்கிற பவ்லைன் முடிச்சை, கண்ணை மூடிக்கொண்டு போட வைப்பார். பழைய காலத்துப் பலகை, மணற்கடிகை எல்லாம் அவர் வாயால் கேட்டதுதான். பெண் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இதையும் நான் அங்கே எழுதினேன். "மாமா கதையெல்லாம் ஆதாரமா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் மாமாவைப் பற்றி எழுதியதை இங்கே திரும்ப எழுத எனக்கு மனசு வரவில்லை.

சரி, மற்ற கேள்விகளுக்கு வருகிறேன். "சொல் எங்கிருந்து வந்தால் என்ன, 34 நாட் தொட்டால் புயலுக்குப் பெயர் வைப்பார்கள், 1.852ஆல் பெருக்கினால் கிலோமீட்டர், அது போதாதா?" போதும், வேகம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவருக்கு. அந்தத் தம்பி கேட்டது பெயர்க்காரணத்தை. "பழைய மாலுமிகளே மணிக்கு இத்தனை நாட் என்று தப்பாக எழுதியிருக்கிறார்கள்" என்று ஒருவர் வந்தார். எழுதியிருக்கிறார்கள்தான். அதனால் முடிச்சு இல்லை என்று ஆகிவிடுமா?

நீங்கள் தினமும் செய்கிற 'லாகின்' இருக்கிறதே, அதில் இருக்கும் 'லாக்' கூடக் கடலில் வீசிய அந்தக் கட்டைதான். அதில் கண்ட வேகத்தைக் குறித்த ஏடு லாக்புக், அங்கிருந்து வந்தது லாகின். அந்த மாலுமிகளின் சொல்லைச் சொல்லி உள்ளே நுழைந்துதான் அவர்கள் கயிற்றைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள்.

எனக்கு வலிப்பது இதுதான். ஒரு விஷயத்தைப் பேராசிரியர் சொன்னால் வரலாறு, கப்பலில் கயிறு இழுத்தவர் சொன்னால் கட்டுக்கதை. கடலில் பாதி ஆயுளைக் கழித்தவருக்குத் தன் வேலையில் புழங்கிய சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்காதா? என்னைச் சிரியுங்கள், பரவாயில்லை. அந்தக் காணொளியையும் நீக்க வேண்டாம், அடியில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். மாமாவைப் பற்றி அந்த வரியை எழுதியவர் மட்டும் அதை அழித்துவிடட்டும். மாமா உயிரோடு இல்லை.