குரோமை அப்டேட் பண்ணச் சொல்லி டிக்கெட்டை மூடாதீர்கள்

போன சனிக்கிழமை மதியம் பெங்களூரு ஸ்ரீராமபுரத்து ஜெராக்ஸ் கடை அண்ணன் போன் செய்தார். “தம்பி, உங்க கம்பெனி பண்ண அட்மிஷன் ஃபார்ம் இங்க திறக்கவே மாட்டேங்குது. வெறும் வெள்ளையா நிக்குது. ரெண்டு அம்மா காலையில இருந்து உட்கார்ந்திருக்காங்க.”

பள்ளிகளுக்கு விண்ணப்பத் தளம் செய்வதுதான் என் வேலை. அந்த வாரத்தில் இதே புகார் மூன்று முறை டிக்கெட்டாக, அதாவது எங்கள் கம்பெனியின் புகார்ப் பதிவாக, வந்திருந்தது. ‘குரோமை அப்டேட் பண்ணச் சொல்லவும்’ என்று எழுதி மூன்றையும் மூடியது நான்தான்.

வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். எஸ்பி ரோட்டில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர், 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. குரோம் பதிப்பு 109. விண்டோஸ் 7-க்கு அதுதான் கடைசி. 2023 பிப்ரவரியில் வந்த 110 அதில் ஏறாது. நான் எழுதிய பதிலை அந்தக் கடையில் யாராலும் செய்திருக்க முடியாது. விண்டோஸை மாற்றலாமே என்றேன். அண்ணன் ஸ்கேனரைக் காட்டினார். புது விண்டோஸுக்கு அதற்கு டிரைவர் கிடைக்கவில்லையாம். “நல்லா ஓடுறதை எதுக்குத் தம்பி தூக்கிப் போடணும்?”

எஃப்12 அழுத்தினேன். பக்கத்தின் பிழைகளைக் காட்டும் கன்சோலில் ஒரே ஒரு சிவப்பு வரி: ‘டுஸார்ட்டட்’ (toSorted) என்றொரு ஃபங்ஷனே, அதாவது ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையே, இல்லையாம். வகுப்புகளின் பட்டியலை வரிசைப்படுத்த நான் பயன்படுத்தியது அது. குரோமில் அந்த ஃபங்ஷன் வந்தது 110-இல். ஒரே ஒரு பதிப்பு முன்னே பின்னே. நாங்கள் பக்கத்தைக் கட்டப் பயன்படுத்தும் ரியாக்ட் நிரலகத்தில், பக்கம் உருவாகும்போது வரும் பிழையை யாரும் பிடிக்காவிட்டால் மொத்தப் பக்கத்தையும் அது கழற்றிவிடும். அதனால் பட்டியல் மட்டுமல்ல, பெயர்க் கட்டம், பிறந்த தேதி, சமர்ப்பிக்கும் பட்டன் எல்லாமே போய்விட்டன. பழைய பிரவுசர்களை பேபல் என்ற கருவி பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தோம். பேபல் புது எழுத்துமுறையைப் பழையதாக மாற்றித் தரும். இல்லாத ஃபங்ஷனைத் தானாகக் கொண்டுவராது. அதற்குப் பாலிஃபில்லை, அதாவது இல்லாத ஃபங்ஷனை ஈடுகட்டும் நிரலை, தனியாகச் சேர்க்க வேண்டும்.

காத்திருந்த அம்மாக்களில் ஒருவர், வீட்டு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவர், மகளின் பிறப்புச் சான்றிதழை பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்திருந்தார். “என் பேப்பர்ல ஏதாவது தப்பாப்பா?” என்று கேட்டார். இல்லம்மா, தப்பு எங்க மேலதான் என்றேன்.

விண்டோஸ் 7-இலும் ஓடும் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் 115 இஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) போட்டேன். அந்த ஃபங்ஷன் ஃபயர்ஃபாக்ஸில் வந்ததே 115-இல்தான். பக்கம் திறந்தது. இரண்டு அம்மாக்களின் ஃபார்மையும் அனுப்பியாயிற்று. ஆனால் ஊரில் உள்ள ஒவ்வொரு கடைக்கும் நான் போக முடியுமா? வீட்டுக்கு வந்து, பட்டியலை நகலெடுத்துப் பழைய ‘ஸார்ட்’டிலேயே வரிசைப்படுத்தும்படி மாற்றினேன். ஒரு வரி.

2022 ஜூன் 15-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, பழைய பிரவுசர் தொல்லை தீர்ந்தது என்று எங்கள் தொழிலே சந்தோஷப்பட்டது. நானும்தான். பிரவுசர்கள் இப்போது தாமாகவே அப்டேட் ஆகின்றன, சரி. ஆனால் அடியில் இருக்கும் மெஷின் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. ஐபோன் 6 ஐஓஎஸ் 12-ஐத் தாண்டாது. அதன் பிரவுசரான சஃபாரியும் அதோடு நின்றுவிடும். அதில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சின்தான். ஐடி கம்பெனிகள் இருக்கும் வைட்ஃபீல்டில் புது மேக்புக்கில் உட்கார்ந்து சோதிக்கும் நமக்கு இது எதுவுமே கண்ணில் படாது.

பழைய பிரவுசரில் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும் என்பது உண்மை. பணம் கட்டும் பக்கத்தில் பழைய பிரவுசர் வேண்டாம் என்று நானும் கறாராகவே இருப்பேன். அப்படியானால் அதைத் திரையில் கன்னடத்திலும் தமிழிலும் சொல்லுங்கள், வேறு வழியையும் காட்டுங்கள். வெள்ளைத் திரையைப் பார்ப்பவர் தன் காகிதத்தில்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறார். மற்றபடி, பெயரையும் பிறந்த தேதியையும் வாங்கும் ஃபார்முக்கு பக்கத்தின் எலும்புக்கூடான வெறும் எச்டிஎம்எல் போதும். முதலில் அது ஓடட்டும். ஜாவாஸ்கிரிப்ட் அலங்காரமெல்லாம் அப்புறம்.

திங்கட்கிழமை காலை அந்த மூன்று டிக்கெட்டையும் மறுபடி திறந்து மூவருக்கும் எழுதினேன். இரண்டு பேர் விண்ணப்பித்துவிட்டார்கள். மூன்றாமவர் போனை எடுக்கவில்லை. கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது, தினமும் அடித்துக்கொண்டிருக்கிறேன்.