கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாதீங்க, கணக்கையும் காட்டுங்க

அப்பா காரியம் முடிஞ்ச கையோட வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுக்கா ஆபீஸ் போறோம். வீட்டு வரி யாரு கட்டுறது, ஒழுகினா யாரு பார்க்கிறதுன்னு மட்டும் பேச மாட்டோம். தண்டையார்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டைன்னு நான் பக்கத்துல இருந்து பார்த்த அண்ணன் தம்பி சண்டைல பாதி, பங்கைப் பத்தினதே இல்ல. செலவைப் பத்தினது.

எங்க வீடு பழைய வண்ணாரப்பேட்டைல. கீழ அண்ணன் குடும்பமும் அம்மாவும், மாடில வாடகைக்கு ஒரு போர்ஷன். தம்பி பெங்களூர்ல, நான் திருவொற்றியூர்ல. கடல் பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியும், உப்புக்காத்து கம்பியைத் தின்னுடும். கம்பி துருப்பிடிச்சு ஊதினா சீலிங் பூச்சு வெடிச்சு பாளம் பாளமா விழும். அம்மா படுக்கிற கட்டில் மேலயே விழுந்துச்சு. அண்ணன் உடனே ஆள் வச்சு சரி பண்ணாரு. அதோட சமையலறை டைல்ஸ், புது மோட்டார் எல்லாத்தையும் சேர்த்து ஒரே தொகையா வாட்ஸப்ல போட்டாரு. "நான் அங்க குடியே இல்லையே"ன்னு தம்பி பதில் போட, ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு போச்சு.

இதுல நான் யார் பக்கமும் இல்ல. சீலிங் எல்லாருடைய சொத்து. அது விழுந்தா பெங்களூர்ல இருக்கிறவனுக்கும் நஷ்டம்தான், அதனால பங்குப்படி எல்லாரும் போடணும். கரண்ட் பில்லு, லாரி தண்ணி, மோட்டார் ரிப்பேர் எல்லாம் அனுபவிக்கிறவங்க பாடு. டைல்ஸ் அண்ணியோட விருப்பம். ஆசைப்பட்டது தப்பே இல்ல, ஆனா முன்கூட்டியே கேட்காம பண்ணதை மத்தவங்க தலைல கட்டக் கூடாது. இப்படிப் பிரிச்சதும் அந்தப் பெரிய தொகை பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு. மாடி வாடகையைக் கழிச்சதும் தம்பி தர வேண்டியது கொஞ்சம்தான். மறுநாளே ஜிபேல அனுப்பிட்டான்.

லீஸ் விஷயத்துல இன்னும் உஷாரா இருங்க. எங்க தெருவுல ஒருத்தர் மாடியை அஞ்சு லட்சத்துக்கு லீஸுக்கு விட்டு, அந்தப் பணத்தை மகள் கல்யாணத்துக்குச் செலவு பண்ணிட்டாரு. குடியிருந்தவங்க காலி பண்றப்ப, "இது வீட்டுக் கடன், ஆளுக்குக் கொஞ்சம் போடுங்க"ன்னு தம்பிங்ககிட்ட நிக்கிறாரு. வாடகைன்னா வருமானம், ஆனா லீஸ் பணம் திருப்பித் தர வேண்டிய கடன். வாங்கினவர்தான் அடைக்கணும்.

எனக்கு நிஜமாவே வலிக்கிறது வேற. இந்தப் பேச்சு எதுலயும் பொம்பளைப் பிள்ளைங்களைக் கூப்பிடுறதில்ல. பங்கை விட்டுக் கொடுக்கிற விடுதலைப் பத்திரத்துல அவங்க கையெழுத்து வேணும்னா மட்டும் அண்ணன் தம்பிங்க புடவையோட வர்றாங்க. அப்பா உயில் எழுதாமப் போயிட்டா, அவர் சுயமா சம்பாதிச்ச வீட்டுல மகனுக்கும் மகளுக்கும் அம்மாவுக்கும் சம பங்குன்னு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலயே இருக்கு. "கட்டிக் கொடுத்தாச்சு, அவளுக்கு என்ன பங்கு"ன்னு இன்னமும் பேசுறாங்க. பங்கு இருக்கிறவளுக்குச் செலவுலயும் பொறுப்பு இருக்கு. அதை ஏத்துக்கிட்டுத்தான் நானும் சீலிங்குக்குப் பணம் கொடுத்தேன்.

ஒருத்தருக்கு அவசரமாப் பணம் தேவைப்பட்டு பங்கை விக்கணும்னா, வெளியாளைத் தேடுறதுக்கு முன்னாடி கூடப்பிறந்தவங்களைக் கேளுங்க. அதே சட்டத்தோட 22-வது பிரிவு மத்த வாரிசுகளுக்கு அந்த முன்னுரிமையைக் கொடுக்குது. பாகப்பிரிவினைன்னாலும் பயப்படாதீங்க. குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதுக்கும் உச்சவரம்பு உண்டு. கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா வக்கீல் ஃபீஸ் கட்டணும், அதுக்கு இது எவ்வளவோ மேல். பதியறதுக்கு முன்னாடி பழைய செலவுக் கணக்கைத் தீர்த்து, தீர்ந்துச்சுன்னு பத்திரத்துலயே ஒரு வரி எழுதச் சொல்லுங்க.

எங்க வீட்டுல இப்ப மாடி வாடகை அம்மா பேர்ல இருக்கிற பேங்க் கணக்குக்கே போகுது. ஏப்ரல், அக்டோபர்ல சொத்து வரி அதுலயிருந்துதான். ரசீதை அண்ணனே குரூப்ல போடுறாரு. வீட்டுல பெரிய வேலைன்னா கொத்தனாரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி எங்க ரெண்டு பேருக்கும் போன் பண்றாரு.