ரப்பர் இருக்கா?

"அண்ணே, லினக்ஸ் போட்டா ஹேங்கே ஆகாதாமே?"

போன வாரம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றதிலிருந்து, 11 ஏறாத பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் திடீரென்று, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளும் லினக்ஸ் மேல் ஆசை. தாராளமாகப் போடுங்கள், நானே போட்டுத் தருகிறேன். ஆனால் "ஹேங்கே ஆகாது" என்று மட்டும் என் வாயால் வராது. பட்டவன் நான்.

1999-இல் கும்பகோணத்தில் டிடிபி கடை போட்டேன். விண்டோஸ் 98, பக்கம் வடிவமைக்கப் பேஜ்மேக்கர், கல்யாணப் பத்திரிகை. வேலை மும்முரத்தில் ஒரு பெட்டி எழும்பும்: இந்த புரோகிராம் 'இல்லீகல் ஆபரேஷன்' செய்துவிட்டது, மூடப்படும். புரூஃப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஏன் தம்பி, போலீஸ் கேஸ் எதுவும் ஆயிடாதே?" என்றார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு.

98 ஒரு ஒண்டுக்குடித்தனம். ஒருத்தர் குழாயை உடைத்தால் எல்லார் வீட்டுக்கும் தண்ணீர் நிற்கும். ஒரு புரோகிராம் தடுமாறினால் மொத்த சிஸ்டமும் உட்கார்ந்துவிடும். விண்டோஸ் 95, 98 இரண்டிலும் இன்னொரு வேடிக்கை: தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் மெஷின் உறைந்துவிடும். மில்லி செகண்டை எண்ணும் 32 பிட் கணக்கு அத்தோடு நிரம்பிவிடுவதுதான் காரணம். எங்கள் தெருவில் கரண்ட் இருந்த லட்சணத்துக்கு 49 மணி நேரமே எட்டாக்கனி. அந்தக் கோளாறை நான் கண்ணால் கண்டதில்லை.

2001-இல் வந்த எக்ஸ்பியின் அடித்தளமே வேறு, என்டி. ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனிக் கதவு. நம்பி இரண்டாவது மெஷினில் போட்டேன். நாளுக்கு இரண்டு முறை நீலத்திரை காட்டிப் படுத்தது. ஃபார்மட் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். விண்டோஸைத் திட்டாத நாள் இல்லை. கடைசியில் வெறுத்துப்போய் உபுண்டு என்ற லினக்ஸுக்குத் தாவினேன். அப்போதெல்லாம் சிடியைத் தபாலிலேயே இலவசமாக அனுப்புவார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் திரை அப்படியே நின்றது. கீபோர்டில் கேப்ஸ் லாக், ஸ்க்ரோல் லாக் விளக்குகள் இரண்டும் கண் சிமிட்டின. லினக்ஸில் கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி, படுத்தால் அப்படித்தான்.

சர்வீஸுக்கு வந்த பையன் கேபினெட்டைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ரப்பர் இருக்கா சார்?"

என் மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் எழுத்தை அழிப்பது போல் நிதானமாகத் தேய்த்து, ஊதி, மறுபடி சொருகினான். ஒரு வாரம் நன்றாக ஓடியது. மறுபடி படுத்தது. அந்த உபுண்டு சிடியிலேயே ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட் என்று ஒன்று இருந்தது. ராத்திரி ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள், அத்தனையும் ரேம் பிழை. 512 எம்பி ரேம் ஒன்றுதான் ஒரு வருஷமாக என்னை ஆட்டிவைத்திருக்கிறது. அதை மாற்றி அதே எக்ஸ்பியைத் திரும்பப் போட்டேன். பல வருஷம் சத்தமில்லாமல் உழைத்தது.

லினக்ஸும் நல்ல ரேமில் அசையாமல்தான் ஓடியது. ஆனால் கடையில் இருந்த லேசர் பிரிண்டர், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டரிலிருந்து ஃபர்ம்வேர் என்ற உள் புரோகிராமை ஏற்றினால்தான் விழிக்கும் ஜாதி. பிரிண்டரை இயக்கும் மென்பொருளான விண்டோஸ் டிரைவர் அதைத் தானாகவே செய்துவிடும். லினக்ஸில் ஏற்றவைக்க நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். சிஸ்டம் நிற்காமல் ஓடுகிறது, பத்திரிகை மட்டும் வெளியே வரவில்லை. முகூர்த்த நாளை வைத்துக்கொண்டு காத்திருப்பவரிடம் இந்த வித்தியாசத்தை விளக்கிப் பாருங்கள்.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012-இல் இந்தச் சண்டையே எனக்கு அற்பமாகிவிட்டது. 98 காலத்தில் கரண்ட் போய் வந்தால் டிஸ்க்கைச் சோதிக்கும் ஸ்கேன்டிஸ்க் ஊர்ந்து முடிக்கும்வரை கைகட்டி உட்கார வேண்டும். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறைகளான எக்ஸ்பியின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் இஎக்ஸ்டி3 இரண்டும் கணக்குப்பிள்ளை மாதிரி, முதலில் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகுதான் பேரேட்டில் ஏற்றும். பாதியில் கரண்ட் போனாலும் டிஸ்க்கின் கணக்கு குழம்பாது. சேவ் பண்ணாத பத்திரிகையை மட்டும் எந்தக் கணக்குப்பிள்ளையாலும் மீட்க முடியாது. கன்ட்ரோல் எஸ் என் இடது கைக்கு அனிச்சையானது அந்த வருஷம்தான்.

மேக் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. மகள் வைத்திருக்கிறாள், புகார் இல்லை. மெஷினும் சிஸ்டமும் ஒரே கம்பெனி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஏதோ ஒரு ரேமோடு அதற்கு மல்லுக்கட்டும் தலையெழுத்து இல்லை.

2024 ஜூலை 19-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியின் ஒரு தப்பான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. ஏர்போர்ட்டில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். "பாத்தியா, லினக்ஸ் தப்பிச்சுது" என்று இங்கே எத்தனை பதிவு! விழவைத்தது விண்டோஸ் இல்லை, அதன் கெர்னலுக்குள் உட்கார்ந்திருந்த வெளியாள் டிரைவர். அதே வருஷம் அதே கம்பெனியின் மென்பொருளால் சில லினக்ஸ் மெஷின்களும் படுத்தன. அது செய்தியில் பெரிதாக அடிபடவில்லை, அவ்வளவுதான். ஆப்பிள் 2019-இலிருந்தே இப்படிப்பட்ட வெளியாட்களைக் கெர்னலுக்கு வெளியே தள்ள ஆரம்பித்துவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்கு என் ஓட்டு.

போன வாரம் கேட்ட மூவரில் ஒரு தம்பி நேற்று சிபியூவைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டான். திறந்தேன். ஃபேன் மேல் போர்வை கனத்துக்குத் தூசி, ஓரத்தில் இரண்டு பல்லி முட்டை. இன்னும் எந்த ஓஎஸ்ஸும் போடவில்லை. ப்ளோயர் வைத்து ஊதி, ரேமைக் கழற்றி டேபிளில் வைத்திருக்கிறேன். ரப்பர் வாங்க ஆள் போயிருக்கிறது.