விலகச் சொன்னால் வசவா?

தன் வழக்கை விசாரிக்கும் நீதிபதி அதிலிருந்து விலக வேண்டும் என்று ஒருவர் மனுப் போட்டதை வைத்து முந்தாநாள் கிளம்பிய சண்டையில் வாய் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். "நீதிபதியையே விலகச் சொல்கிற திமிரைப் பாருங்கள்" என்று ஒரு படித்த மனிதர் எழுத, 400 பேர் அதற்கு விருப்பக்குறி இட்டிருப்பதைக் கண்ட பிறகு முடியவில்லை.

விலகக் கேட்பது வசவு இல்லை. நீதிபதி லஞ்சம் வாங்கினார் என்று அந்த மனுவில் எந்த வரியில் இருக்கிறது? படித்துவிட்டுத்தான் கொதிக்கிறீர்களா?

"அவர் அப்பழுக்கற்றவர்" என்கிறீர்கள். இருக்கட்டுமே. இங்கிலாந்தில் நீதிபதி காட்டன்ஹாம் பிரபுவின் தீர்ப்பை, அப்போது மேல்முறையீட்டையும் விசாரித்த பிரபுக்கள் சபை 1852இல் ரத்து செய்தது. வென்ற கால்வாய் கம்பெனியில் அவருக்குப் பங்கு இருந்தது, அவ்வளவுதான். அதற்காக அவர் வளைந்திருப்பார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டேதான் ரத்து செய்தார்கள். இங்கே, சாப்பிடச் சொன்ன உத்தரவை மீறினார் என்று ராணுவத்தில் ரஞ்சித் தாக்கூருக்கு ஓராண்டு சிறை, வேலையும் போனது. அவர் யார் மீது புகார் கொடுத்தாரோ அதே அதிகாரியும் விசாரணையில் உட்கார்ந்திருந்தார். 1987இல் அந்தத் தண்டனையை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், நீதிபதி தன் மனதைக் கேட்டுக்கொண்டால் போதாது, எதிரே நிற்பவரின் மனதைப் பார்க்க வேண்டும் என்றது. எதிரே நிற்பவரின் மனதை! 400 பேரும் இன்னொரு முறை படியுங்கள்.

"பிடிக்காத நீதிபதியை எல்லாம் விரட்டலாமா" என்றால், முடியாது. காரணம் சொத்தையாக இருந்தால் மனு தள்ளுபடியாகும். பெரும்பாலும் தள்ளுபடி செய்பவரும் அதே நீதிபதிதான். அது மட்டும் உங்கள் கண்ணில் படவேயில்லை.

எங்கள் நில வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல், நீதிபதி வக்கீலாக இருந்த காலத்தில் அவரிடமே ஒன்பது வருடம் ஜூனியராக இருந்தவர். கோர்ட் வராந்தாவில் எல்லோருக்கும் தெரியும். வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றக் கேட்கலாமா என்றார் அப்பா. "கேட்டுக் கிடைக்காவிட்டால் இவர் முன்னால்தானே ஐயா நிற்க வேண்டும்" என்றார் எங்கள் வக்கீல். அப்பா பத்திரப் பையின் கிழிந்த காதை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். கேட்கவில்லை. தோற்றோம். தீர்ப்பு சட்டப்படி சரியாகக்கூட இருந்திருக்கலாம். பத்தொன்பது வருடமாக எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரியாமலே போய்விட்டது.

துணிந்து கேட்டால் மட்டும்? 2021இல் அப்போதைய மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜி கேட்டபோது கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி விலகினார், கேட்ட விதத்துக்காக 5 லட்சம் ரூபாய் கட்டவும் சொன்னார். முதலமைச்சர் கட்டுவார். என் அப்பா?

"கோர்ட் மீது மரியாதை இல்லையா" என்று உள்பெட்டியில் கேட்டவருக்கு: மரியாதை இருந்ததால்தான் அன்று வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

அந்த 400 பேரில் என் சித்தப்பா மகனும் இருக்கிறான். தீர்ப்பன்று அப்பா நடக்க முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டபோது, அந்தக் காது கிழிந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை வந்தவன் அவன்தான்.