பொருள்: நாய்

(வெள்ளகோவில் பக்கம் ஒரு சின்ன ஊர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். செல்வராசுவின் பிராய்லர் கடையில் வியாபாரம் முடிந்து, வெட்டுக் கட்டையைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருக்கிறான். வலது கையில் சின்னக் கட்டு. கடை ஓரமாக ஒரு நீல டிரம். அதைச் சுற்றி ஆறு நாய்கள், பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. ஒன்றுக்குக் காது நுனி வெட்டியிருக்கிறது. இன்னொன்றின் கழுத்தில் பச்சை நைலான் கயிறு. ராசாத்தி ஒரு வெள்ளைத் தாளைச் சுருட்டிப் பிடித்தபடி வருகிறாள்.)

ராசாத்தி: செல்வராசு, கையைத் துடைத்துவிட்டு வா கண்ணு. ஒரு மனு எழுத வேண்டும். நாளைக்குத் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம்.

செல்வராசு: என்ன குறைங்க அக்கா?

ராசாத்தி: என்ன குறையா? வியாழக்கிழமை ராத்திரி பட்டிக்குள் நாய் புகுந்து ஏழு ஆட்டைக் கடித்துப் போட்டது. ஊரே வந்து பார்த்தது. நீயும்தான் வந்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனாய்.

செல்வராசு: அது தெரியாமலா? மனுவில் 'பொருள்' என்று ஒரு வரி போட வேண்டும். அதற்குக் கேட்டேன்.

ராசாத்தி: பொருள்: நாய். போடு.

செல்வராசு: வெறும் நாய் என்று போட்டால், நாய் வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருக்குதுங்க. அனுப்பி வைத்துவிடப் போகிறார்கள்.

ராசாத்தி: கேட்காமலேயே வந்துகொண்டுதானே இருக்கிறது? அதோ, காது வெட்டிய செவலை. அது நம் ஊர்ப் பிறப்பா?

செல்வராசு: காதில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது என்று அடையாளம். எந்த ஊரிலோ பிடித்து ஆபரேஷன் செய்து, ராத்திரி வண்டியில் கொண்டுவந்து நம் ஊரில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் விதி.

ராசாத்தி: பார்த்தாயா, நாய்க்கே டிரான்ஸ்பர் போட்டிருக்கிறார்கள். சரி, எழுது.

செல்வராசு: ஊராட்சிக்கும் ஒரு நகல் போடலாமா? அவர்கள் பொறுப்பும் இதில் உண்டு.

ராசாத்தி: யார் பெயருக்குப் போடுவாய்? தலைவருடைய பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அன்றிலிருந்து தனி அலுவலர். அவருக்கு நம் ஊரோடு சேர்த்து எத்தனை ஊரோ! நாயைப் பார்ப்பாரா, தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பாரா? கலெக்டருக்கே எழுது.

செல்வராசு: (எழுதிக்கொண்டே) 'ஐயா, வணக்கம். கடந்த வியாழன் இரவு அடையாளம் தெரியாத ஆறு நாய்கள்...'

ராசாத்தி: நிறுத்து. ஏன் அடையாளம் தெரியாது? நன்றாகத் தெரியும். ஒன்று இந்தச் செவலை. ஒன்று பால் சொசைட்டித் திண்ணையில் படுக்கிற கருப்பு. ஒன்று டீச்சர் வீட்டு ஜிம்மி.

செல்வராசு: டீச்சர் வீட்டு நாய் என்றால் அது தெரு நாய் இல்லையே. டீச்சரிடம்தான் கேட்க வேண்டும்.

ராசாத்தி: கேட்டேன். போன மாசியில் மோட்டார் ஒயர் திருட வந்தவனைத் துரத்தியபோது 'எங்கள் ஜிம்மி, எங்கள் ஜிம்மி' என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை போய்க் கேட்டால், 'அதுவா, அது எந்த நாயோ, பாவமே என்று மீந்த சோறு போடுவேன்' என்கிறாள். திருடனைக் கடித்தால் அவள் நாய். என் ஆட்டைக் கடித்தால் அரசாங்க நாய்.

(டீச்சர் பக்கமும் ஏதாவது நியாயம் இருக்கும். அவர் இங்கே இல்லை.)

செல்வராசு: சரி, நிவாரணம் எவ்வளவு என்று கேட்பது?

ராசாத்தி: நீயே சொல்லு.

செல்வராசு: பேரிடர் நிவாரண விதியில் கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100.

ராசாத்தி: பேரிடரா?

செல்வராசு: ஆமாங்க. புயல், வெள்ளம், அந்தக் கணக்கு.

ராசாத்தி: புயல் வந்தாலாவது ரேடியோவில் சொல்வார்கள். ஆட்டுக்கு 4,000 என்றால், சந்தையில் அதைப் போல இரண்டு பங்குக்கு மேல் போகிற கிடாய் அது. கோழிக்கு 100? நீ கிலோவே என்ன விலைக்கு விற்கிறாய்?

செல்வராசு: (தராசைத் துடைத்தபடி) இன்றைய விலையைக் கேட்காதீங்க.

ராசாத்தி: அந்த நிவாரணமும் சும்மா வந்ததா? நம் பக்கத்தில் செத்த ஆட்டை ரோட்டில் கிடத்தி மறியல் செய்தபிறகுதானே நிவாரணப் பேச்சையே எடுத்தார்கள். நானும் போயிருந்தேன். வெயிலில் மூன்று மணி நேரம். ஆடு நாறியபிறகுதான் ஜீப்பே வந்தது. சரி, முக்கியமானதை எழுது: எல்லா நாயையும் பிடித்துக்கொண்டு போய்விட வேண்டும்.

செல்வராசு: அது முடியாதுங்க. கொல்லவும் கூடாது, கொண்டுபோய் வேறெங்கும் விடவும் கூடாது. 2001இல் வந்த விதி, 2023இல் புதுசாக மாற்றி எழுதினார்கள். பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும்.

ராசாத்தி: வண்டி வைத்தா?

செல்வராசு: வண்டி வைத்துத்தான்.

ராசாத்தி: எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்தபோது தையல் வயிற்றோடு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சரி, ஆபரேஷன் செய்துவிட்டால் கடிக்காதா?

செல்வராசு: ஆபரேஷன் பல்லுக்கு இல்லையேங்க. குட்டி போடாது. ஒரு பெட்டை இரண்டு மாசச் சினை. வருஷத்துக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி. முக்கால்வாசி நாய்க்காவது செய்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பூட்டானில் தெரு நாய் மொத்தத்துக்கும் கருத்தடை செய்து முடித்துவிட்டோம் என்று 2023இல் அறிவித்தார்கள்.

ராசாத்தி: எத்தனை நாளில்?

செல்வராசு: 14 வருஷம்.

ராசாத்தி: அதற்குள் எனக்கு 70 ஆகிவிடும். பட்டியில் ஆடு இருக்காது, நான்தான் இருப்பேன். சுப்ரீம் கோர்ட் என்னவோ சொன்னதாக டிவியில் ஓடியதே?

செல்வராசு: அது 2025 ஆகஸ்ட். டெல்லிப் பக்கம் தெரு நாயை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடை என்று 11ஆம் தேதி சொன்னார்கள். 22ஆம் தேதி, ஊசி போட்டு அங்கேயே விடு, வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் வைத்துக்கொள் என்று மாற்றினார்கள்.

ராசாத்தி: பதினோரு நாளில் மனசு மாறிவிட்டதா? எங்கள் வீட்டுக்காரருக்குக் கூட ஒரு மாசம் ஆகும்.

செல்வராசு: அப்புறம் நவம்பரில் இன்னொன்று. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் இங்கெல்லாம் பிடித்த நாயைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது.

ராசாத்தி: ஆட்டுப்பட்டி?

செல்வராசு: பட்டி அதில் இல்லைங்க.

ராசாத்தி: அப்படியென்றால் என் ஆட்டையெல்லாம் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடட்டுமா? மிச்சம் இருப்பது இருபத்திரண்டு. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைவிடக் குறைவுதான். ஹெட்மாஸ்டர் சந்தோஷப்படுவார்.

செல்வராசு: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. இந்த ஆறையும் பிடித்துப் போய்விட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பத்தே நாளில் பக்கத்து ஊர் நாய் வந்து இந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ராசாத்தி: ஏன், நம் ஊர் என்ன கொடைக்கானலா?

செல்வராசு: தீனி கிடைக்கிற இடத்துக்கு நாய் வரும். அவ்வளவுதான்.

ராசாத்தி: நம் ஊரில் தீனி எங்கே கிடைக்கிறது?

(இரண்டு பேரும் டிரம்மைப் பார்க்கவில்லை. ஆறு நாய்களும் டிரம்மையேதான் பார்த்தன.)

செல்வராசு: ...முன்னெல்லாம் பிணந்தின்னிக் கழுகு இருந்தது. செத்த மாட்டை அதுவே தின்று முடித்துவிடும். மாட்டுக்குப் போடுகிற வலி மருந்து ஒன்றால் கழுகுக் கூட்டமே அழிந்துபோனது. அந்த மருந்தை மாட்டுக்குப் போடக் கூடாது என்று 2006இல் தடை செய்தார்கள். கழுகு போன இடத்தில்தான் நாய் பெருகிவிட்டது.

ராசாத்தி: அப்போது மனுவில் கழுகு வேண்டும் என்று எழுதுவாயா?

செல்வராசு: இல்லை, ஒரு காரணத்துக்குச் சொன்னேன். அப்புறம் கோழிப் பண்ணைக்காரர்கள் செத்த கோழியைக் குழியில் போடாமல் வேலிக்கு அந்தப்பக்கம் வீசுகிறார்கள்...

ராசாத்தி: அதையும் எழுது. அப்படியே, 'ஊரில் உள்ள கோழிக் கடையின் கழிவை ஓடையில் கொட்டுவதால்' என்றும் எழுது.

செல்வராசு: (எழுதுகிறான்) '...சில கடைகளின் கழிவை...'

ராசாத்தி: சில கடையா? ஊரில் இருப்பது ஒரே கடை.

செல்வராசு: மரியாதைக்குப் பன்மை போட்டேன்.

ராசாத்தி: உன் டிரம் தினமும் எங்கே கொட்டப்படுகிறது?

செல்வராசு: கிழக்கே... ஓடையை ஒட்டின கிளுவை வேலி ஓரம்.

ராசாத்தி: அங்கிருந்து என் பட்டி எவ்வளவு தூரம்?

செல்வராசு: நடந்தா, நாய் ஓட்டத்திலா?

ராசாத்தி: டேய்!

செல்வராசு: குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடிவிடுகிறேன் அக்கா. சத்தியமாக. நாளைக்கே ஆள் விடுகிறேன். இல்லை, நாளைக்கு முடியாது. எனக்கு நாய்க்கடிக்குக் கடைசி ஊசி.

ராசாத்தி: அந்தக் கைக்கா? இன்னுமா ஆறவில்லை?

செல்வராசு: புண் ஆறிவிட்டது. நேற்று கத்தி பட்ட இடத்துக்குத்தான் இந்தக் கட்டு. ஆறினாலும் ஊசியை விடக் கூடாது. கடித்த அன்றைக்கு ஒன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். நாளைக்கு 28. அன்றைக்கு நீங்கள் சொன்னீங்க என்று சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைத்துக்கொண்டு போனேனா, டாக்டர் குதிகுதியென்று குதித்தார். குழாயைத் திறந்துவிட்டு, கையில் சோப்பைக் கொடுத்து, 15 நிமிஷம் கழுவு என்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நின்றார். பத்து நிமிஷத்தில் கையை எடுத்தேன், 'இன்னும் ஐந்து இருக்கு' என்கிறார். வெறிநோய் அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் அப்புறம் பிழைக்க வழி கிடையாதாம்.

ராசாத்தி: நாலு ஊசியோடு விட்டார்களே என்று சந்தோஷப்படு. எங்கள் அப்பனுக்குத் தொப்புளைச் சுற்றி 14 போட்டார்கள்.

செல்வராசு: அந்த மருந்து எதில் செய்தது தெரியுமா? ஆட்டு மூளையில்.

ராசாத்தி: என்னது?

செல்வராசு: செம்மறி ஆட்டு மூளைங்க. குன்னூரில் 1907லிருந்தே பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, அங்கே செய்தார்கள். அதை நிறுத்திவிட்டு வேறு மாதிரி ஊசிக்கு மாறி இருபது வருஷம் ஆயிற்று. டாக்டர்தான் சொன்னார்.

ராசாத்தி: (சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு) நாய் மனுஷனைக் கடித்தால் ஆடு மூளையைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறது. நாய் ஆட்டைக் கடித்தால் மனுஷன் மனு எழுதுகிறான். அதுவும் எழுத்துப்பிழையோடு. 'ஆடுகள்' என்பதை 'அடுகள்' என்று எழுதியிருக்கிறாய் பார்.

செல்வராசு: (திருத்தியபடி) என்னைக் கடித்த நாய் எது என்று நீங்கள் கேட்கவே இல்லையே.

ராசாத்தி: எது?

செல்வராசு: அதோ, கழுத்தில் பச்சைக் கயிறு.

ராசாத்தி: (பார்க்காமலேயே) பச்சைக் கயிறு கட்டின நாய் ஊரில் எத்தனையோ இருக்கும்.

செல்வராசு: உங்கள் பட்டி வலை கட்டியிருக்கிற அதே கயிறு. மணி.

ராசாத்தி: மணியா? அது என் நாய் இல்லை கண்ணு. பட்டியில் வந்து படுக்கும். கம்மஞ்சோறு மிச்சம் இருந்தால் போடுவேன், அவ்வளவுதான்.

செல்வராசு: பொங்கலுக்குக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தீங்க.

ராசாத்தி: மாட்டுக்கு வைத்ததில் மிச்சம் இருந்தது.

செல்வராசு: சரி, அது உங்கள் நாய் இல்லை. பட்டிக் காவலுக்குப் படுக்கிற, உங்களுடையது அல்லாத அந்த நாய், வியாழக்கிழமை ராத்திரி மற்ற நாய்கள் உள்ளே புகுந்தபோது எங்கே போயிருந்தது?

ராசாத்தி: அதைத்தான் நானும் நாலு நாளாக யோசிக்கிறேன். குரைப்புச் சத்தமே கேட்கவில்லை.

(பச்சைக் கயிறு கட்டிய நாய் எழுந்து, சோம்பல் முறித்து, டிரம்மின் மூடியை மூக்கால் தூக்கி, ஒரு கோழித் தலையை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் வந்து உட்கார்கிறது. பழகிய கை, தப்பு, பழகிய மூக்கு.)

ராசாத்தி: ...

செல்வராசு: ...

ராசாத்தி: அந்த டிரம்முக்கு ஒரு பூட்டு வாங்கு.

செல்வராசு: நீங்கள் அதற்கு ஒரு சங்கிலி வாங்குங்க. ஊசியும் போட்டுவிடுங்க.

ராசாத்தி: என் நாய் இல்லை என்கிறேன்.

செல்வராசு: சரி. மனுவில் அந்த முதல் வரியை என்ன செய்ய? அடையாளம் எல்லாம் விவரமாக எழுதச் சொன்னீங்களே. செவலை, சொசைட்டிக் கருப்பு, ஜிம்மி, அப்புறம் பச்சைக் கயிறு...

ராசாத்தி: முதலில் என்ன எழுதியிருந்தாய்?

செல்வராசு: 'அடையாளம் தெரியாத ஆறு நாய்கள்.'

ராசாத்தி: அதுவே இருக்கட்டும். கோழிக்கழிவு வரியையும் அடித்துவிடு. ஆனால் குழி வெட்டவில்லை என்றால் அடுத்த திங்கட்கிழமை தனி மனு, உன் பேர் போட்டு.

(கையெழுத்துப் போடுகிறாள். தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறாள். ஆறு நாய்களும் எழுந்து அவள் பின்னாலேயே போகின்றன.)

செல்வராசு: அக்கா! கை கழுவாமல் எழுதிவிட்டேன். மனுவில் கறி வாசனை அடிக்கிறது, அதுதான் பின்னாலேயே வருதுங்க. வேறு தாளில் எழுதித் தரட்டுமா?

ராசாத்தி: (திரும்பிப் பார்க்காமல்) வேண்டாம், இதுவே இருக்கட்டும். காலையில் பஸ் ஸ்டாப் வரைக்கும் வரும், டிக்கெட் எடுக்காது. ஏய் மணி, வழியை விடு!