9 மில்லிமீட்டர் கணக்கு
ஜப்பானிய மாதிரி ரயில் காட்சிகளைப் பற்றிய இந்தக் கட்டுரை, அவற்றில் எல்லாமே ஒரே விகிதத்தில், நூல் பிசகாமல் சுருக்கப்பட்டவை என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. அங்கே வீடுகளில் பெரிதும் ஓடுவது ‘என்-கேஜ்’ வகை. தண்டவாள அகலம் 9 மி.மீ. சாதாரண ரயில்களை 150-ல் ஒரு பங்காகவும் அதிவேக ‘புல்லட்’ ரயிலான ஷின்கான்சென்னை 160-ல் ஒரு பங்காகவும் செய்கிறார்கள். ஷின்கான்சென் பாதை நிஜத்தில் 1,435 மி.மீ., வகுத்தால் கணக்கு சரியாக வரும். ஆனால் சாதாரண ரயில்கள் ஓடும் பழைய பாதைகளில் பெரும்பாலானவை 1,067 மி.மீ.தான். 150-ஆல் வகுத்தால் 7 மி.மீ. சொச்சம் இருக்க வேண்டிய இடத்தில் 9 போடுகிறார்கள்! குனிந்து வண்டியை நேருக்கு நேர் பார்த்தால் சக்கரங்கள் கொஞ்சம் அகட்டி நிற்பது தெரியும். எனக்கு அது குறையாகவே படவில்லை, மலையும் ஆறும் வயலும் கண்ணை இழுத்துக்கொள்கின்றன. அதற்காக இல்லாத துல்லியத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இவை ‘வெறும் பொம்மை’ என்று மேலே பின்னூட்டத்தில் எழுதியிருக்கும் நண்பர், யோகோஹாமாவில் 2012-ல் திறந்த ஹாரா மாதிரி ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். அங்குள்ள மாதிரி ரயில்கள் ஹாரா நொபுதாரோ என்பவர் வாழ்நாளெல்லாம் செய்தும் சேர்த்தும் வைத்தவை. அங்குள்ள பெரிய காட்சியில் பாதை 45 மி.மீ., விகிதம் 32-ல் ஒன்று. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும் அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அசையாமல் நின்றுவிட்டேன்.